மருந்தே சாப்பிடவில்லை

ஷென்யாங்கில் டிசம்பர்.
ஜன்னல் ஓரங்களில் உள்பக்கமே பனி பூத்திருந்த காலையில்
பதினோராம் படுக்கைக்கு வந்தாள் சியூ வென்லான்.
வயது நாற்பத்தெட்டு. கண்ணின் வெள்ளை இரண்டும்
பழுத்த பம்பளிமாஸ் தோலின் நிறம்.
சிறுநீர் கடுந்தேநீர் போல இறங்குகிறது என்றாள்,
கடைத் தேநீரைக் குறை சொல்கிற குரலில்.

மது? இல்லை.
காட்டுக் காளான்? இல்லை.
ஏ, பி, சி, ஈ என்று வைரஸ்களை வரிசையாகத் தேடினோம்.
ஒன்றும் அகப்படவில்லை.
என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?
மருந்தே சாப்பிடவில்லை, டாக்டர்.
தலைவலிக்குக்கூட மாத்திரை போடாத உடம்பு இது.
பெருமையாகத்தான் சொன்னாள்.
நானும் எழுதினேன்: மருந்து, இல்லை.
அன்று என் கையெழுத்து அழகாகவே இருந்தது.

பிலிருபின் இருநூறு. மறுநாள் இருநூற்று எழுபது.
ரத்தம் உறைய எடுக்கும் நேரம் நீண்டுகொண்டே போனது.
மூன்றாம் இரவு பேராசிரியர் போனில் அழைத்து
மாற்று ஈரல் பற்றிக் குடும்பத்திடம் பேசு என்றார்.
ஈரக்குலை நடுங்கியது எனக்கு.
நடுங்க வேண்டியவள்
தாலியனில் படிக்கும் மகளோடு பேசிக்கொண்டிருந்தாள்:
சும்மா களைப்புதான், என் நெஞ்சே, என் ஈரலே.
எங்கள் மொழியில் செல்லத்துக்கு அப்படித்தான் சொல்வோம்.

துப்புத் துலக்கியது நாங்கள் அல்ல.
தரை துடைக்க வரும் தோங் அக்கா
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டாள்:
இந்த வயசில் இத்தனை கருப்பா? சாயமா?
சாயமில்லை அக்கா, வேர்.

வேர்.
நான் கதவருகே நின்றுவிட்டேன்.

பிறகு மெல்ல வந்தது எல்லாம்.
துணி ஆலை மூடியது. பேரங்காடியில் காசாளர் வேலை,
நாற்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும் என்ற அறிவிப்பு.
அட்டையில் அச்சான வயதை அழிக்க முடியாது,
காதோரத்தில் அச்சானதை அழிக்கலாமே.
ஹெ ஷோ வூ: ஹெ என்பவரின் கருங்கூந்தல்.
பெயரிலேயே வாக்குறுதி.
தெருமுனைக் கடையில் லுவான் தராசில் நிறுத்து,
கருஞ்சோயாச் சாற்றில் ஒன்பது முறை அவித்தது,
ஒன்பது முறை வெயிலில் காய்ந்தது என்றாராம்.
எத்தனை முறை என்று வேர் சொல்லாது.
அவரும் தினம் குடிக்கிறார், அவருக்கு ஒன்றுமில்லை.
போய்ப் பார்த்தேன். பொய் சொல்லும் முகமில்லை.
ஒரே வேர்
ஓர் உடம்பில் கஞ்சி, ஓர் உடம்பில் கங்கு.
எது எவர் உடம்பென்று நெற்றியில் எழுதி ஒட்டவில்லை.

நூற்றுப் பத்து நாள். ஒரு காலைகூடத் தவறவில்லை அவள்.

நிறுத்தினோம்.
அதற்குமேல் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, காத்திருந்தோம்.
ஈரல் வெட்டினாலும் துளிர்க்கும்,
சில சமயம் துளிர்க்காது. இம்முறை துளிர்த்தது.
நூற்றெண்பது. தொண்ணூறு. நாற்பத்தொன்று.
நான் காகிதத்தைப் பார்த்துச் சிரித்த அன்று
அவள் கைக்கண்ணாடியில் வகிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
அரை விரற்கடை வெள்ளை.

சாயமாவது பூசலாமா?
இப்போது வேண்டாம்.
அப்போ எப்போ?
அதற்கு என் புத்தகங்களில் பக்கம் இல்லை.

வீட்டுக்குப் போகும் நாளில்
சிவப்பு நூல் கட்டிய மீதிப் பொட்டலத்தை
என் மேசைமேல் வைத்தாள்.
இருநூற்று எண்பது யுவான். எறிய மனசு வரவில்லை,
நீங்களே எறிந்துவிடுங்கள்.

படிவத்தில் அந்தக் கேள்வியை மாற்றச் சொல்லிக் கேட்டேன்.
பழைய படிவம் இன்னும் நான்காயிரம் இருக்கிறதாம்,
தீரட்டும் என்கிறார்கள்.
அதனால் வாயால் கேட்கிறேன்:
காலையில் எதை ஊறவைக்கிறீர்கள்? யார் கொடுத்தார்கள்?
எது நரைத்தது, எது உதிர்ந்தது, எதற்கு பயந்தீர்கள்?

இன்று நான்காம் படுக்கை. ஓய்வுபெற்ற கிரேன் ஓட்டுநர்.
மருந்தா, எனக்கா? வெந்நீர் மட்டும்தான்.
சிரித்தபடி பிளாஸ்கைத் தட்டிக் காட்டுகிறார்.
நான் பேனாவை மூடவில்லை.
வெந்நீரில்,
என்கிறார்.